தன்னுள் மூழ்கியிருப்பவரைச் சுயநலக்காரர் என்று தீர்ப்பெழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குடும்ப ஆலோசனைப் பகுதியைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். அப்பகுதிக்கு வரும் கேள்விகளில் ஒரு முறையீடு திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. கணவரைப் பற்றி மனைவியும், மகளைப் பற்றித் தாயும், நெடுநாள் நண்பரைப் பற்றி மற்றொரு நண்பரும் எழுதுவது ஏறத்தாழ ஒன்றுதான்: அவர் எப்போதும் தம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார், அருகில் இருப்பவர் அவர் கண்ணில் படுவதே இல்லை. இதற்குத் தரப்படும் விடைகளில் பல, குறிப்பிடப்படும் நபரைச் சுயநலக்காரர் என்று முடிவு செய்துவிட்டு, அவரிடமிருந்து விலகியிருக்கும் வழிகளைச் சொல்கின்றன. அண்மைக் காலமாக 'நார்சிசிஸ்ட்', அதாவது தற்காதல் பிடித்தவர், என்ற பட்டமும் கடிதம் வழியாகவே வழங்கப்படுகிறது. முற்றிலும் வேறான இரண்டு நிலைகளை ஒரே பெயரின் கீழ் அடக்குவதால், உதவி தேவைப்படும் ஒருவர் குற்றவாளி ஆக்கப்படுகிறார் என்பதும், உண்மையிலேயே சுரண்டப்படும் ஒருவர் தம் நிலையைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாமல் போகிறார் என்பதும் என் கருத்து. அதை விளக்கமாகச் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

சுயநலக்காரருக்குப் பிறரை நன்றாகத் தெரியும். யாருக்கு எது தேவை, யார் எதற்கு இணங்குவார், யாரிடம் எப்போது கேட்டால் மறுக்க மாட்டார் என்பதையெல்லாம் அவர் கூர்ந்து கவனித்து வைத்திருப்பார். அந்த அறிவைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவதுதான் அவருடைய குறை. தன்னுள் மூழ்கியிருப்பவரின் குறை இதற்கு நேர்மாறானது. அவர் பிறரைக் கவனிப்பதே இல்லை. கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடக்கூடிய தாராள மனம் அவருக்கு இருக்கலாம். கேட்கும்வரை எதிரில் இருப்பவருக்கு ஒரு தேவை இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. உடன் வாழ்பவர் இரண்டு நாளாகக் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதை அவர் பார்த்திருப்பார், ஆனால் அது மனத்தில் பதிந்திருக்காது. ஆகவே இங்கே நாம் பேசுவது ஆசையின் அளவைப் பற்றி அன்று, கவனம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பற்றி.

1990-ஆம் ஆண்டில் உளவியலாளர் ரிக் இங்கிராம், மனநலக் கோளாறுகள் பலவற்றிலும் காணப்படும் தன்மீதான கவனத்தைப் பற்றி அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். தன்னுள் மூழ்கிய நிலையை அவர் வரையறுத்த விதம் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. கவனம் தன்மீது அளவுக்கு அதிகமாகக் குவிவது, நெடுநேரம் அங்கேயே நீடிப்பது, சூழ்நிலை வேறொன்றைக் கேட்கும்போதும் அங்கிருந்து நகர மறுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்நிலை என்றார் அவர். இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது என்பேன். பல்வலி வந்தவருக்கு உலகம் முழுவதும் அந்த ஒரு பல்லில் அடங்கிவிடுகிறது. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவருக்கும், மருத்துவப் பரிசோதனை அறிக்கையை எதிர்நோக்குபவருக்கும், அன்புக்குரியவரை இழந்து சில நாள்களே ஆனவருக்கும் தம்மைத் தவிர வேறு எதையும் எண்ண முடிவதில்லை. இவர்களில் யாரையும் நாம் குறை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. தன்னை நோக்குவது மனத்தின் இயல்பான, தேவையான தொழில். அது இல்லாவிட்டால் செய்த தவற்றை உணரவும் முடியாது, அடுத்த நாளைத் திட்டமிடவும் முடியாது. உள்ளே போன கவனம் வெளியே திரும்பி வர முடியாமல் சிக்கிக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படிச் சிக்கிக்கொள்வதற்குத் தற்பெருமைதான் காரணம் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். 'நான், நான்' என்று பேசுகிறவரைப் பார்த்தவுடன் தலைக்கனம் பிடித்தவர் என்று முடிவு கட்டுவது நம் வழக்கம். 2015-இல் ஏஞ்சலா கேரியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 4,000-க்கும் மேற்பட்டோரின் பேச்சையும் எழுத்தையும் ஆராய்ந்தபோது, தற்காதலின் அளவுக்கும் 'நான்' என்ற சொல் வரும் எண்ணிக்கைக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அதே சொல் வேறோரிடத்தில் பொருளுள்ளதாக இருந்தது. 2004-இல் ஸ்டெபனி ரூட், ஜேம்ஸ் பென்னபேக்கர் முதலியோர் கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மனச்சோர்வில் இருந்த மாணவர்களே மற்றவர்களைவிட அச்சொல்லை மிகுதியாகப் பயன்படுத்தியிருந்தனர். தம்மைப் பற்றியே பேசுகிறவர் தம்மை வியந்துகொண்டிருப்பதாக நாம் எண்ணும் வேளையில், அவர் தம்மிடமிருந்து தப்ப வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கவும் கூடும் என்பதை இந்த இரண்டு முடிவுகளும் எனக்குச் சொல்கின்றன.

இவ்விடத்தில் இன்னொரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். 1999-இல் பால் டிராப்னெல், ஜெனிபர் கேம்ப்பெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முரண்பாட்டை எடுத்துக்கொண்டனர். தம்மைப் பற்றி அதிகம் சிந்திப்பவர்களுக்குத் தம்மைப் பற்றிய அறிவு தெளிவாக இருக்கிறது. ஆனால் அவர்களே மனத்துயரத்திலும் அதிகம் உழல்கிறார்கள். தன்னை அறிதல் நன்மை தருமென்றால் இது எப்படி நிகழ்கிறது? வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றாகவே தெரியும் இரண்டு செயல்கள் இதில் கலந்திருக்கின்றன என்பது அவர்கள் கண்ட விடை. ஒன்று, அறியும் ஆவலால் தன்னை ஆராய்வது. மற்றொன்று, அச்சத்தாலும் இழப்புணர்வாலும் பழையதையே அசைபோடுவது. முதலாவது ஒரு கேள்வியைக் கேட்டு, விடை கிடைத்ததும் நகர்ந்துவிடுகிறது. இரண்டாவதற்கு விடை தேவையில்லை. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் ஏன் அப்படிச் சொன்னேன், அவர்கள் என்னை என்ன நினைத்திருப்பார்கள்' என்று அது சுற்றிச் சுற்றி வரும்.

அசைபோடுதல் எவ்வளவு கேடு செய்யும் என்பதை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சூசன் நோலன்-ஹூக்சிமா. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் லோமா பிரீட்டா நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அதற்குச் சிறிது காலம் முன்புதான் அவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வரும்போது அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் பதிவு செய்திருந்தார். அதே மாணவர்களை நிலநடுக்கத்துக்குப் பின் மீண்டும் அணுகியபோது, முன்பே அசைபோடும் பழக்கம் உடையவராக இருந்தவர்கள் வாரக்கணக்கில் கழிந்த பிறகும் கூடுதலான மனச்சோர்வில் இருந்தது தெரிந்தது. பேரிடர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வந்தது. அதிலிருந்து வெளியே வருவதில்தான் வேறுபாடு இருந்தது.

கூச்சம் மிகுந்தவர்களை நாம் தன்னுள் மூழ்கியவர்கள் என்று அழைப்பதில்லை. அடக்கமானவர்கள் என்றே பாராட்டுகிறோம். ஆனால் ஒரு கூட்டத்துக்குள் நுழையும்போது எல்லாருடைய கண்களும் தம்மேல்தான் இருக்கின்றன என்று அஞ்சுகிறவரும் அந்த நேரத்தில் தம்மைத் தவிர எவரையும் காண்பதில்லை. தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பாடகர் பேரி மனிலோவின் படம் பெரிதாக அச்சிட்ட, அணிவதற்கே வெட்கப்படக்கூடிய ஒரு சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து, மற்ற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் சட்டையில் இருப்பது யார் என்பதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்கினர் மட்டுமே. வளரிளம் பருவத்தினர் தம் மனத்துக்குள் ஒரு கற்பனைப் பார்வையாளர் கூட்டத்தைச் சுமந்து திரிகிறார்கள் என்று டேவிட் எல்கைண்ட் 1967-லேயே எழுதினார். அந்தக் கூட்டம் வயது வந்தவுடன் எல்லாருக்கும் கலைந்துவிடுவதில்லை. துக்கம் விசாரிக்கச் செல்கிறவர் 'நான் என்ன சொல்ல வேண்டும், தவறாக ஏதாவது சொல்லிவிடுவேனோ' என்று தம் சொற்களைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், எதிரில் அழுதுகொண்டிருப்பவரின் முகம் அவருக்கு எப்படித் தெரியும்? அவரிடம் கர்வம் துளியும் இல்லை. ஆனாலும் துயரத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் தனியாகவே விடப்படுகிறார்.

இதுவரை சொன்னதை வைத்து, தன்னுள் மூழ்கியிருப்பவருக்காக நான் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். காரணம் எதுவாக இருந்தாலும், அவருடன் வாழ்பவர் படும் துன்பம் மெய்யானது. அது ஒரே நாளில் நிகழும் பெரிய கொடுமையாக இருப்பதில்லை. சிறு சிறு உரையாடல்களில் சேர்ந்துகொண்டே போவது. சமூகவியலாளர் சார்ல்ஸ் டெர்பர், மனிதர்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதைக் கவனித்து 1979-இல் இதைத் துல்லியமாக விளக்கினார். ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது கேட்பவரின் மறுமொழி இரண்டு திசைகளில் செல்லக்கூடும். "இரவெல்லாம் எனக்குத் தூக்கமே வரவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். "ஏன், என்ன ஆயிற்று?" என்று கேட்டால் பேச்சு சொன்னவரிடமே நிற்கிறது. "எனக்கும் ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை, இப்போதெல்லாம் விடிய விடிய விழித்திருக்கிறேன்" என்று சொன்னால் பேச்சு கேட்டவர் பக்கம் இழுக்கப்பட்டுவிடுகிறது. இரண்டாவது மறுமொழியிலும் வெளிப்படையான அவமதிப்பு எதுவும் இல்லை, கேட்பவருக்கு அது பொருத்தமான பேச்சாகவே தோன்றும். ஆகவேதான் பாதிக்கப்பட்டவருக்குப் புகார் சொல்லவும் முடிவதில்லை. எதைச் சொல்லிப் புகார் செய்வது? அவர் திட்டவில்லை, மறுக்கவில்லை, ஆறுதலாகக்கூடப் பேசினார். ஆனால் தூக்கம் ஏன் வரவில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தம் அனுபவத்தை எடுத்துச் சொல்வது எல்லா வேளையிலும் பேச்சைப் பறிப்பதாகாது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்த ஒருவர் 'எனக்கும் இப்படி இருந்தது' என்று சொல்வது கேட்பவருக்குப் பெரிய துணையாகலாம். தம் கதையைச் சொல்லி முடித்த பிறகு அவர் மற்றவரிடம் திரும்பி வருகிறாரா என்று பார்த்தால் போதும். திரும்பி வந்தால் அது தோழமை. வராவிட்டால், அருகில் இருப்பவர் காலப்போக்கில் தம்மைப் பற்றிச் சொல்வதையே நிறுத்திவிடுவார். வீட்டில் நிலவும் அந்த அமைதியை, 'எங்களுக்குள் சண்டையே வருவதில்லை' என்று மூழ்கியிருப்பவர் பெருமையாகவும் சொல்லக்கூடும். ஆலோசனைப் பகுதிக்கு எழுதுகிறவர்களில் பலர் இந்த அமைதிக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்பதை அவர்கள் சொற்களிலிருந்தே உணர முடிகிறது. அவர்களுடைய வலியைச் சிறிதும் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் குற்றம் சாட்டுகிறவருக்கும் தம் பார்வையின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், திருமணமான தம்பதியரைத் தனித்தனியே அழைத்து, வீட்டு வேலைகளில் தம் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவருடைய பங்கையும் கூட்டினால் நூறு விழுக்காட்டைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தாம் செய்த வேலை ஒவ்வொருவருக்கும் எளிதாக நினைவுக்கு வருகிறது, துணைவர் செய்தது அவ்வளவு எளிதாக வருவதில்லை. 'நான்தான் எல்லாவற்றையும் செய்கிறேன்' என்ற கடிதத்தைப் படித்து விடையளிப்பவர், எதிர்த்தரப்பிலிருந்தும் அதே வாக்கியம் வந்திருக்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு தரப்பை மட்டும் கேட்டு ஒருவருடைய குணத்துக்குப் பெயர் சூட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

குணம் என்று நாம் எண்ணுவதில் எவ்வளவு பகுதி சூழ்நிலையின் அழுத்தம் என்பதையும் பார்க்க வேண்டும். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு பலரும் அறிந்ததே. மாணவர்கள் உரையாற்றுவதற்காக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியரைப் பற்றிய விவிலியக் கதை. போகும் வழியில் ஒருவர் வாசலோரத்தில் சுருண்டு கிடந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். போதிய நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவ முன்வந்தார்கள். மிகவும் தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே நின்றார்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. கடந்து சென்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அவசரம் அவர்களுடைய கவனத்தைத் தம் கடமைக்குள்ளேயே இறுக்கிவிட்டது. கடன், வேலைப்பளு, நோய், தூக்கமின்மை என்று ஏதேனும் ஒன்று ஆண்டுக்கணக்கில் விரட்டிக்கொண்டே இருந்தால், ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே இப்படிக் கடந்து சென்றுகொண்டிருப்பவர் ஆகிவிடுகிறார்.

இந்நிலையில் ஒருவரை நோக்கி 'நீ உன்னைப் பற்றி மட்டுமே நினைக்கிறாய்' என்று சொல்வதால் என்ன நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே தம்மீது குவிந்திருக்கும் அவருடைய கவனத்துக்கு அது இன்னும் ஒரு பொருளைத் தருகிறது. 'நான் அப்படிப்பட்டவன்தானா, எல்லாரும் என்னைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறார்களா' என்று அவர் மேலும் உள்ளே போகிறார். பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவன் என்ற முறையில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மாணவரைக் கண்டித்தால் அவர் இன்னும் சுருங்கிப் போவார். தன்னைவிடச் சிறிய வகுப்பு மாணவர் ஒருவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தால், அந்தச் சிறுவனுக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று கண்டுபிடிக்கும் முயற்சியில் தன்னை மறந்துவிடுவார். கவனம் வெளியே வருவதற்கு அங்கே ஒரு மனிதரோ ஒரு வேலையோ காத்திருக்க வேண்டும். வெறும் கண்டனத்துக்கு அந்த ஆற்றல் கிடையாது.

குடும்பத்துக்குள்ளும், குணத்தைச் சாடுவதைவிடத் தேவையைக் குறிப்பாகச் சொல்வது பயன் தரும். 'உங்களுக்கு என்மேல் அக்கறையே இல்லை' என்பதற்கு எவராலும் விடை சொல்ல முடியாது. 'இன்று மாலை கொஞ்ச நேரம் நான் பேச வேண்டும், முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்' என்பதற்கு ஒருவரால் இணங்க முடியும். அசைபோடுதலின் பின்னே மனச்சோர்வோ பதற்றநோயோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. அசைபோடும் பழக்கத்தையே குறிவைத்து உருவாக்கப்பட்ட உளவியல் சிகிச்சை முறையும் இருக்கிறது. 'விலகிவிடுங்கள்' என்று எழுதுவதற்கு முன், 'அவரை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல முடியுமா' என்று ஒரு வரி எழுதலாம் அல்லவா?

இந்த வேறுபாட்டைப் பேணுவது, உண்மையில் சுரண்டப்படுகிறவருக்கும் பாதுகாப்பு என்று முதலில் சொன்னேன். தம் செயல் மற்றவரைக் காயப்படுத்துகிறது என்று தெளிவாக, நிதானமாக எடுத்துச் சொல்லப்பட்ட பின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தன்னுள் மூழ்கியிருந்தவர் திடுக்கிடுவார், வருந்துவார், முயல்வார், மறப்பார், நினைவூட்டினால் மீண்டும் முயல்வார். சொல்லப்பட்டதைப் புரிந்துகொண்டும் பொருட்படுத்தாதவர், அதையே திருப்பி எதிராளியின் குறையாக்குகிறவர், அடிக்கிறவர், பணத்தையோ பிறருடனான தொடர்பையோ தடுத்து வைக்கிறவர் கவனக்குறைவால் தவறு செய்பவர் அல்லர். 'அவருக்கு மனம் சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அத்தகையவருடன் வாழ்பவரிடம் சொல்வது, தன்னுள் மூழ்கியவரைக் கயவர் என்று அழைப்பதைவிடப் பெரிய அநீதி. அங்கே விலகலும் பாதுகாப்பும் சட்ட உதவியும்தான் முதலில் பேசப்பட வேண்டியவை.

'நார்சிசிஸ்ட்' என்ற பட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். தற்காதல் ஆளுமைக் கோளாறு என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதன்முதலாக இடம்பெற்ற ஒரு மருத்துவ வகைப்பாடு. வாழ்க்கையின் பல தளங்களிலும் நீடித்துக் காணப்படும் குணப்போக்குகளை, பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்த்து மதிப்பிட்ட பிறகே அந்த முடிவுக்கு வர முடியும். மனத்தாங்கலில் எழுதப்பட்ட அரைப்பக்கக் கடிதத்தை வைத்து, அக்கடிதத்தை எழுதாத ஒருவருக்கு அந்நோயை அறிவிப்பது மருத்துவமும் ஆகாது, அறமும் ஆகாது. அந்த விடை அச்சாகி வீட்டு மேசையில் கிடக்கும், குறிப்பிடப்பட்டவரும் அதைப் படிக்கக்கூடும் என்பதை எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஆலோசனைப் பகுதியில் நோயின் பெயரால் யாரையும் குறிப்பிடுவதில்லை என்ற நெறியைத் தாங்கள் வகுக்க வேண்டும். விடை எழுதுகிறவர்கள் தீர்ப்புக்கு முன், 'இதை அவரிடம் நேராகச் சொன்னீர்களா, சொன்னபோது அவர் என்ன செய்தார், அண்மையில் அவர் வாழ்க்கையில் ஏதேனும் இழப்போ நெருக்கடியோ நேர்ந்ததா' என்று கேள்வி கேட்டவரிடம் மறுகேள்வி கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதமானாலும் குற்றமில்லை. அத்துடன், 'நீ உன்னைப் பற்றியே நினைக்கிறாய்' என்ற சொல்லைப் பெற்றவர்களும் தங்கள் பக்கத்தை எழுத அழைக்கப்பட வேண்டும். அவர்களில் எத்தனை பேர் எழுத முன்வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அழைப்பு அச்சில் வந்தால், அதைக் கூர்ந்து படிக்கப் போகிறவர்களுள் அவர்களும் இருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்